கைது ஆவணத்தை மூடுவதா, அழிப்பதா: கலிபோர்னியாவின் இரண்டு மனுக்கள்

கலிபோர்னியாவில் ஒருவர் கைதாகி, அவர் மீது அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டு எதையும் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டாலும், கைதானார் என்ற பதிவு காவல் துறையிலும் மாநில நீதித் துறையிலும் (நீதிமன்றங்கள் அல்ல, டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அப்படியே நிற்கிறது. கைதானவரின் முழுப்பெயர், தொழில், பிறந்த தேதி, கைதான நேரம், குற்றப் பிரிவுகள், பிணைத்தொகை ஆகியவற்றை, விசாரணைக்கோ எவருடைய பாதுகாப்புக்கோ ஊறு நேராதவரை, கேட்பவருக்குத் தர வேண்டும் என்று அம்மாநிலத்தின் பொது ஆவணச் சட்டம் சொல்கிறது. இந்தப் பதிவை அழிக்க வழிசெய்யும் 851.8, அழிக்காமல் பிறர் பார்வைக்கு மூடிவைக்க வழிசெய்யும் 851.91 ஆகிய தண்டனைச் சட்டப் பிரிவுகளில் எதன் கீழ் மனுச் செய்வது என்ற கேள்வி, சான்டா கிளாரா கவுண்டியில் (மாவட்டத்தில்) வசிக்கும் என் தம்பியின் பொருட்டு எங்கள் வீட்டில் எழுந்தது. சிறுகுற்றப் பிரிவில் நேர்ந்து, வழக்காக மாறாமலே முடிந்த கைது அது. நாங்கள் 851.91-ஐத் தேர்ந்தோம், ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வேலை போய்விடுமோ என்ற அச்சம்தான் எவருக்கும் முதலில் வருகிறது. அதைச் சுருக்கமாகவே சொல்லிக் கடந்துவிடலாம். தண்டனையில் முடியாத கைதைப் பற்றிப் பெரும்பாலான முதலாளிகள் கேட்கவே கூடாது என்று மாநிலத் தொழிலாளர் சட்டத்தின் 432.7 பிரிவு தடுக்கிறது. பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்களும் அத்தகைய கைதைத் தங்கள் அறிக்கையில் சேர்க்கக் கூடாது. கைதின்போது எடுத்த படத்தை இணையத்தில் போட்டுவிட்டு, நீக்குவதற்குப் பணம் கேட்கும் வழக்கம் 2015 முதல் சட்டவிரோதம். நீதிமன்ற இணையதளத்தில் பிறந்த தேதியைக் கொண்டு குற்ற வழக்குகளைத் தேடும் வசதிக்கும், ரிவர்சைடு கவுண்டி தொடர்பான 2021ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பு முற்றுப்புள்ளி வைத்தது. (தந்தையின் பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது முழு நன்மை என்று சொல்ல முடியாது, ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரித்துக் காட்டுவதும் அந்தத் தேதிதான்.) ஆக, வேலைக்காக மட்டும் என்றால், மனுச் செய்யாமலேயே சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது.

மனுவே தேவையில்லாத ஒரு வழியும் உண்டு. 2019இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, 1973 முதல் நிகழ்ந்த கைதுகளில் தகுதியுள்ளவற்றுக்கு, அவை பொதுவாக வெளியே தரப்படாதபடி, மாநில நீதித் துறையே தன் பதிவேட்டில் நிவாரணக் குறிப்பு இடுகிறது. வழக்குத் தொடரப்படாத சிறுகுற்றக் கைது என்றால், கைதாகி ஓராண்டு கழிந்த பின் அது தகுதி பெறும். கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீதிபதி கையொப்பமிட்ட உத்தரவு எதுவும் நம் கைக்கு வராது. குறிப்பு இடப்பட்டதா என்பதை, லைவ் ஸ்கேன் நிலையத்தில் கைரேகை கொடுத்து, 25 டாலர் கட்டணத்துடன் கைரேகைக் கூலியும் கட்டி, நம்முடைய குற்றப் பதிவை வரவழைத்துத்தான் அறிய வேண்டும். எனவே இதை மனுவுக்கு மாற்றாக நாங்கள் கருதவில்லை.

இனி 851.8. பெயரளவில் மிக வலுவான நிவாரணம் இதுவே. கைதானவர் உண்மையில் குற்றமற்றவர் என்று அறிவித்து, ஆவணங்களை மூடி முத்திரையிட்டு, கைதான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கழிந்ததும் அழித்துவிட இது வழிசெய்கிறது. வழக்குத் தொடரப்படாத நிலையில், முதலில் கைது செய்த காவல் துறையிடமே மனுக் கொடுத்து, அதன் நகலை அரசு வழக்கறிஞருக்கும் அனுப்ப வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, சட்டம் குறித்த காலத்துக்குள் பதில் தராவிட்டாலோ நீதிமன்றத்தை அணுகலாம். கைதான நாள், குற்றச்சாட்டு தாக்கலான நாள் ஆகியவற்றில் பிந்தியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மட்டுமே இதில் தளர்வு உண்டு.

இதன் கடினம் நிரூபணத்தில் இருக்கிறது. இவர் அந்தக் குற்றத்தைச் செய்திருக்கலாம் என்று நம்புவதற்கு நியாயமான காரணமே இல்லை என்பதை மனுதாரர் காட்ட வேண்டும். வழக்குப் போடவில்லை, சாட்சி வரவில்லை, ஆதாரம் போதவில்லை என்பவை இங்கே செல்லாது. கணவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு நடுவர் குழுவால் விடுவிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கீழ்நீதிமன்றம் அளித்த குற்றமற்றவர் என்ற அறிவிப்பைக்கூட, நிலைக்காது என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2003இல் முடிவு செய்தது. விடுதலையே போதாதபோது, வழக்குத் தொடராமல் விட்டதை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று எங்களுக்குத் தோன்றியது. இந்த வழியில் நாங்கள் நடந்து பார்க்கவில்லை என்பதால், சட்டத்தையும் தீர்ப்பையும் படித்து அறிந்த அளவில்தான் இதைச் சொல்கிறேன்.

2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 851.91-க்கு இந்தப் பாரம் இல்லை. கைது தண்டனையில் முடியவில்லை என்பதும், இனி வழக்குத் தொடர முடியாது என்பதும் தெளிவானால், பெரும்பாலோருக்கு இது உரிமையாகவே கிடைக்கிறது. குடும்ப வன்முறை, சிறார் அல்லது முதியோர் மீதான கொடுமை ஆகியவற்றில் பலமுறை கைதான வரலாறு உள்ளவர்கள் மட்டும், நீதியின் நலனுக்கு இது உகந்தது என்று நீதிபதியை இணங்கவைக்க வேண்டும். சிறுகுற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு ஓராண்டு. அது முடிந்த பின் சிஆர்-409 படிவத்தை நிரப்பி, கைது நிகழ்ந்த கவுண்டியின் நீதிமன்றத்தில் கொடுத்து, விசாரணைக்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் அரசு வழக்கறிஞருக்கும் காவல் துறைக்கும் நகலை முறைப்படி சேர்ப்பிக்க வேண்டும். மனுச் செய்யக் கடைசி நாள் என்று எதுவும் இல்லை. உத்தரவு கிடைத்துவிட்டால் கைது நிகழவில்லை என்றே கொள்ளப்படும். மூடப்பட்ட தகவலைச் சட்டத்தை மீறி வெளியிடுபவருக்கு மீறல் ஒவ்வொன்றுக்கும் 500 முதல் 2,500 டாலர் வரை அபராதம் உண்டு. ஆனால் ஆவணம் அழிவதில்லை. மூடப்பட்டது என்ற குறிப்புடன் அது இருக்கும். காவல் துறையும் அரசு வழக்கறிஞரும் அதைப் பார்க்கலாம்.

அழியாமல் இருப்பதைக் குறை என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எங்கள் தேர்வைத் தீர்மானித்ததே அந்தக் குறைதான்.

தம்பி எச்-1பி விசாவில் இருப்பவர். மாநிலச் சட்டம் ஒரு கைது நிகழவே இல்லை என்று கொண்டாலும், கூட்டரசின் குடிவரவுத் துறை அதை ஏற்பதில்லை. கடவுச்சீட்டில் விசா பெறும் ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குச் செல்லும் முன் நிரப்பும் டிஎஸ்-160 படிவம், மன்னிப்போ அதற்கு நிகரான நடவடிக்கையோ கிடைத்திருந்தாலும் கைதைச் சொல்ல வேண்டும் என்ற பொருள்படக் கேட்கிறது. கிரீன் கார்டுக்கான ஐ-485, குடியுரிமைக்கான என்-400 ஆகியவற்றிலும் மூடப்பட்ட கைதுகள் உட்பட அனைத்தையும் சொல்லியாக வேண்டும். கைரேகை எஃப்.பி.ஐ.-க்குப் போகிறது, ‘இல்லை’ என்று எழுதிய இடத்தில் ‘உண்டு’ என்று விடை வந்தால், ஒன்றுமில்லாமல் முடிந்த கைது பொய்யுரை என்ற பெரிய சிக்கலாக மாறக்கூடும். ‘உண்டு’ என்று எழுதினாலோ, அது எப்படி முடிந்தது என்பதற்குக் காவல் துறை, நீதிமன்ற ஆவணங்களின் சான்றிட்ட நகல்களைக் கேட்பார்கள். இந்தியாவில் பிறந்தவருக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நீண்ட காலத்தில், ஒரே கைதுக்கான காகிதங்களை வெவ்வேறு அதிகாரிகளிடம் மீண்டும் மீண்டும் காட்ட நேரும். ஆவணமே அழிந்துவிட்டால், வீட்டில் உள்ள நகல் ஒன்றே கதி. அது தொலைந்தாலும், இன்னொரு தாள் வேண்டும் என்று அதிகாரி கேட்டாலும், போய்க் கேட்க இடமில்லை. மூடப்பட்ட ஆவணம் என்றால், அதற்கு உரியவர் முறைப்படி கேட்டுப் பார்க்க ஓர் இடமாவது எஞ்சி நிற்கும்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. குற்றமற்றவர் என்று நீதிபதி கையொப்பமிட்ட அறிவிப்பு ஆயிரம் நகல்களுக்குச் சமம், 851.8 தோற்றால் பிறகு 851.91-க்கு வரலாமே என்று வழக்கறிஞரான உறவினர் ஒருவர் வாதிட்டார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்த மனுவோடு, அன்று நடந்தவற்றைத் தம்பி உறுதிமொழியுடன் எழுதித் தர வேண்டியிருக்கும். தோற்றால் மறுப்பு உத்தரவும் ஒரு தாளாகச் சேரும். குடிவரவு அதிகாரி பிற்காலத்தில் படிக்கக்கூடிய கோப்பில், தேவையில்லாமல் இரண்டு தாள்களை நாங்களே சேர்ப்பானேன் என்பதே என் எண்ணம். ஆள்மாறாட்டத்தால் கைதானவர், சம்பவ இடத்திலேயே இல்லாதவர் போன்றோருக்கு இந்தக் கணக்கு வேறு; அவர்கள் இரண்டு ஆண்டு வரம்பை நழுவவிடாமல் 851.8-ஐயே முயல வேண்டும். செவிலியர் போன்று மாநில உரிமம் பெற்றுப் பணியாற்றுவோருக்கும் அது மேலாக இருக்கலாம், ஏனெனில் 851.91-இன் கீழ் மூடிய கைதை உரிம விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டால் சொல்லியாக வேண்டும். அத்துறையில் எங்கள் வீட்டில் எவருக்கும் அனுபவம் இல்லை.

எதைத் தேர்ந்தாலும், மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன்பே காகிதங்களைத் திரட்டிவிட வேண்டும். காவல் துறை அறிக்கை, வழக்குத் தொடரவில்லை என்பதற்கு அரசு வழக்கறிஞர் தரும் கடிதம், நீதிமன்றத்தில் வழக்கு இல்லை என்பதற்கான சான்று, மாநிலக் குற்றப் பதிவு, 18 டாலர் கட்டணத்தில் கிடைக்கும் எஃப்.பி.ஐ. பதிவு ஆகியவை அவற்றுள் முக்கியம். குற்றச்சாட்டு தாக்கலாகாத கைதை வெறும் தடுத்துவைப்பாகவே கொள்ள வேண்டும் என்று 849.5 பிரிவு சொல்வதால், 851.6-இன் கீழ் அதற்கான சான்றிதழையும் கேட்டுப் பெறலாம். சான்றிட்ட நகல்களை ஒன்றுக்கு மேற்பட்டு வாங்கி, ஒரு தொகுதியை விசா வழக்கைக் கவனிக்கும் வழக்கறிஞரிடம் கொடுத்துவைப்பது நல்லது. உத்தரவு வந்து ஒரு மாதம் கழிந்ததும் லைவ் ஸ்கேன் நிலையத்துக்கு மறுபடி ஒருமுறை போய், மூடப்பட்டது என்ற குறிப்பு மாநிலப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.