சிந்தனை நாளுக்கு அலங்காரம் செய்து தருகிறேன் என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருச்சியில் ஒரு பள்ளியில் நீலப்பறவையர் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. புல்புல் என்றால் சட்டெனப் புரியும், சாரணியர் (கைடு) இயக்கத்தில் சின்னப் பெண் குழந்தைகளுக்கான பிரிவு. மூன்றாவது முதல் ஐந்தாவது வகுப்பு வரை 32 பெண் குழந்தைகள். பிப்ரவரி 22 உலக சிந்தனை நாள், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், அவர் மனைவி ஒலேவ் இருவருக்கும் பிறந்தநாள். 2025இல் அது சனிக்கிழமையில் வந்ததால், வழக்கமான கொடியேற்றம் பேச்சோடு நிறுத்தாமல் பெரிதாகச் செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். என் கெட்ட நேரம்.

திட்டம் எளிமையானதுதான். சாரணியருக்கான உலக மையங்களில் கட்டடம் உள்ளவை நான்கு: சுவிட்சர்லாந்தில் ஆடெல்போடன், லண்டன், மெக்சிகோவில் குவெர்னவாகா, அப்புறம் நம் புனேயில் 1966இல் திறந்த 'சங்கம்' என்ற மையம். ஐந்தாவதான குசாஃபிரிக்குக் கட்டடம் கிடையாது, ஆப்பிரிக்காவில் ஊர் ஊராக நடப்பது, அதனால் விட்டுவிட்டேன். வகுப்பறையின் நான்கு மூலையும் நான்கு நாடு, குழந்தைகள் சார்ட் அட்டையில் செய்த பாஸ்போர்ட்டோடு ஒவ்வொன்றாகப் போய் முத்திரை வாங்க வேண்டும். நான்கு ஃப்ளெக்ஸ், சாரணியரின் மூவிலைச் சின்னம் ஒன்று, பலூன், முட்டை சேர்க்காத கேக், இவ்வளவுதான் கேட்டது.

வாட்ஸ்அப்பில் ஒருவர் படங்கள் அனுப்பினார். அவ்வளவு அழகு. 7,500 ரூபாய் பேசி, பெற்றோர் ஆளுக்கு 250 கொடுத்திருந்த பணத்திலிருந்து 4,000 ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு "முடிஞ்சதும் மொத்தமா தரேன் மேடம்" என்றார். சரி என்று விட்டேன், அதுதான் முதல் தப்பு. மாதிரி டிசைன் கேட்டு மூன்று முறை செய்தி போட்டேன், மூன்று முறையும் கட்டைவிரல் பொம்மைதான் பதில்.

அன்று காலை ஒன்பதரைக்கு வர வேண்டிய வண்டி பதினொன்றே காலுக்கு வந்தது. வந்ததும் டிரைவர் தம்பி, மீதி 3,500 வந்தால்தான் இறக்குவேன், அண்ணன் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நின்றுவிட்டான். உள்ளே 32 குழந்தைகள் சீருடையில் காத்திருக்கிறார்கள், என்ன செய்வது, அனுப்பிவிட்டேன்.

பிரித்தால் லண்டன் என்று போட்ட ஃப்ளெக்ஸில் ஈஃபில் கோபுரம். புனேக்குப் பதில் தாஜ்மகால். மெக்சிகோவும் சுவிட்சர்லாந்தும் வரவே இல்லை, அவற்றுக்குப் பதிலாக யாருடைய பிறந்தநாளுக்கோ கட்டிக் கிழிந்த இளவரசி பேனர். மூவிலை என்று கேட்டதற்கு இணையத்தில் கிடைத்த நான்கிலை அதிர்ஷ்ட இலையை அச்சடித்திருக்கிறார்கள். நான் கவனிக்கும் முன்பே நான்காவது படிக்கும் ஒருத்தி, "மிஸ், ஒரு இலை அதிகமா இருக்கு" என்றாள். உறுதிமொழியின் மூன்று பகுதிக்குத்தான் மூன்று இலை என்று போன வாரம்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்! கேக்கில் முட்டை உண்டா இல்லையா என்று டிரைவருக்குத் தெரியவில்லை, அண்ணன் போனை எடுக்கவில்லை. அதனால் வெட்டவே இல்லை, கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தோம்.

குழந்தைகள் பாவம், அழவில்லை. நாலாவது இலையைக் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டு, கரும்பலகையில் சாக்பீஸால் ஆல்ப்ஸ் மலை வரைந்தார்கள். சிந்தனை நாளில் ஆளுக்கொரு பென்னி (ஆங்கிலேயச் சில்லறைக் காசு) கொடுக்கலாம் என்று 1932இல் தொடங்கிய வழக்கப்படி ஆளுக்கொரு ரூபாய் உண்டியலிலும் போட்டார்கள்.

இரவு அவர் அனுப்பிய பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டில் நம்மூர் போல வட்டத் துளைகள் இல்லை, மூன்றும் நீளத் துளைகள். எந்த நாட்டு வீட்டுப் படமோ! முன்பே பார்த்திருக்கலாம். நீங்கள் பாருங்கள். அவர் செய்த வேலையை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், அச்சுக்குப் போகும் முன் டிசைனைக் கேளுங்கள், மீதிப் பணம் பொருளைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் என்பதைச் செய்தியில் எழுதி வாங்குங்கள். பொதுப் பணம் என்றால் பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம், பெற்றோருக்குக் கணக்கு சொல்ல முடியாமல் 3,500ஐ நான் என் கையிலிருந்து வைத்தேன்.

திங்கட்கிழமை என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், ஜிபே ரசீதும் நாலிலை ஃப்ளெக்ஸின் படமும் சேர்த்து. பணம் இன்னும் வரவில்லை.