பில் புரூஃபோர்டும் ஃபில் காலின்ஸும்: இரு டிரம்மர்கள், இரு பாதைகள்

1976இல் ஜெனிசிஸ் என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவின் மேடையில் இரண்டு டிரம் செட்டுகள் இருந்தன. முந்தைய ஆண்டு பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியதால் அக்குழுவின் டிரம்மர் ஃபில் காலின்ஸ் பாடகராகிவிட, அவர் பாடும் வேளைகளில் தாளத்தைத் தாங்கப் பில் புரூஃபோர்ட் வந்திருந்தார்.

கென்ட் மாவட்டத்தின் செவனோக்ஸில் 1949இல் பிறந்த புரூஃபோர்ட், 1968இல் யெஸ் என்னும் ராக் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அக்குழு புகழின் உச்சியை நெருங்கிய 1972இலேயே அதைவிட்டு, வருமானம் நிச்சயமில்லாத கிங் கிரிம்சன் என்னும் மற்றொரு ராக் குழுவுக்குச் சென்றார். குச்சி ஸ்னேர் டிரம்மின் தோலிலும் விளிம்பிலும் ஒரே நொடியில் பட, வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியதுபோல் எழும் அந்தக் கணீர் ஒலியைக் கேட்டதுமே வாசிப்பவர் அவர்தான் என்று சொல்லிவிடலாம். 1986இல் எர்த்வொர்க்ஸ் என்னும் ஜாஸ் குழுவைத் தொடங்கிய அவர், 2009இல் மேடையிலிருந்து விலகி, பின்னர் சர்ரே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

1951இல் லண்டனில் பிறந்து 1970இல் ஜெனிசிஸில் சேர்ந்த காலின்ஸோ மக்கள் திரளை நோக்கி நடந்தார். எதிரொலியைச் சட்டென்று வெட்டி நிறுத்தும் அவருடைய டிரம் ஒலி, 1981க்குப் பின் உலகெங்கும் பாப் இசையின் அடையாளமாயிற்று. கழுத்தெலும்புப் பாதிப்பால் குச்சியைப் பிடிக்கவும் இயலாத நிலையில், 2022 மார்ச்சில் லண்டனில் நடந்த ஜெனிசிஸின் கடைசிக் கச்சேரியில் அவர் அமர்ந்தபடி பாட, மகன் நிக் டிரம் வாசித்தார்.

கண்டுபிடிப்பின் துணிச்சலுக்கு என் வாக்கு புரூஃபோர்டுக்கே. ஆயினும் 1970களின் ஜெனிசிஸ் பதிவுகளில் காலின்ஸ் வாசித்திருக்கும் நுட்பத்தை, அவருடைய பாடல் புகழ் மறைத்துவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.