‘மூணு வாரம் அசையாது’ என்று ஒட்டிவிட்டார்கள்: ஒட்டு நகம் போடும் தருமபுரி பெண்களுக்கு

தருமபுரி டவுனில் எந்தப் பார்லரில் ஒட்டு நகம் (பிரஸ் ஆன் நெயில்ஸ்) போட்டுக்கொள்ளப் போனாலும், முதலில் அந்தப் பசை பாட்டிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என எதுவுமே இல்லாத மொட்டை பாட்டிலாக இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள். எனக்கு அந்தப் பாட்டிலை முதலில் காட்டவே இல்லை. விரல் பொத்துப்போன பிறகுதான் அதன் முகத்தையே பார்த்தேன்.

கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே ஃபேன்சி ஸ்டோர், மாடியில் பார்லர் என்று இருக்கும் பல கடைகளில் ஒன்று. காரிமங்கலத்தில் சித்தி மகள் கல்யாணம். வரவேற்புக்கு நகம் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று போனேன். செட்டும் ஒட்டுக்கூலியும் சேர்த்து 650 ரூபாய். “அக்கா, மூணு வாரம் அசையாது. பாத்திரம் தேய்ங்க, துணி துவைங்க, ஒண்ணும் ஆகாது, கேரண்டி” என்றார் கடைக்கார அம்மா. பில் கேட்டேன். “ஜிபே பண்ணீங்கல்ல, அதுதாங்க்கா பில்.”

நகங்கள் பெட்டியில் வரவில்லை, ஒரு ஜிப் கவரில் கலந்து கிடந்தன. பெட்டியாக வாங்கினால் பொதுவாக 24 நகம் இருக்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் அளவு எண் இருக்கும், நம் விரலுக்குச் சரியானதைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே கைக்கு வந்ததை எடுத்து வைத்து அழுத்தினார்கள். என் கட்டைவிரல் நகம் அகலம். அதற்கு வைத்த நகம் குறுகல், அதுவும் வளைவு அதிகம். அழுத்திப் பிடித்தால் படியும், விட்டால் விறைத்துக்கொண்டு எழும். அப்படிப்பட்ட நகம் எந்தப் பசைக்கும் நிற்காது. அதற்கு முன்னால், கரடுமுரடான ஃபைலை வைத்து என் நகத்தைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டியது தனிக்கதை. எரிகிறது என்று சொன்னதற்கு “எரிஞ்சாத்தான்க்கா நல்லாப் பிடிக்கும்” என்று பதில். பளபளப்பு போகும் அளவுக்கு மெல்லிய பஃபரால் (மெருகேற்றும் மென்மையான கட்டை) லேசாகத் தேய்த்தால் போதும். எரிகிறது என்றால் நகம் மெலிந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்ததுதான் முக்கியம். சுண்டுவிரலில் பசை வழிந்து தோலில் பட்டது. ஒட்டிவிட்ட பெண் சட்டென்று பஞ்சை எடுத்துத் துடைத்தாள். பஞ்சு சூடாகி லேசாகப் புகைந்தது. நான் கத்திவிட்டேன், விரலில் கொப்புளம். நகப் பசை பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகை, நாம் உடைந்த பொம்மைக்குப் போடும் சூப்பர் க்ளூவும் அதே குடும்பம்தான். அது பஞ்சிலோ பருத்தித் துணியிலோ பட்டால் மிக வேகமாக இறுகும், இறுகும்போது சூட்டைக் கக்கும். நல்ல லேபிள் ஒட்டிய நெயில் க்ளூவும் இப்படிச் செய்யக்கூடியதுதான். அதனால் வழிந்தால் பஞ்சைத் தொடவே கூடாது, தோல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் வைத்து மெதுவாகப் பிரிக்க வேண்டும். காசு வாங்கித் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

வரவேற்பு எப்படியோ முடிந்தது. மறுநாள் காலையில் கேழ்வரகு களி உருட்டும்போது கட்டைவிரல் நகம் கழன்று களிக்குள் போய்விட்டது. பெரியம்மா பார்த்திருக்காவிட்டால் யார் வாயிலாவது கடிபட்டிருக்கும். மற்ற விரல்களில் கதை தலைகீழ். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன, நடுவில் இரும்பாகப் பிடித்திருந்தன. கடைக்குப் போனால் அதே அம்மா, “தண்ணில கை வெச்சிருப்பீங்கக்கா” என்றார். பாத்திரம் தேய்க்கலாம் என்று சொன்னவரும் அவரேதான். “எடுத்துடலாம், இழுத்தா வந்துடும்” என்று இழுத்தார். வந்தது, என் நகத்தின் மேலடுக்கையும் பட்டையாக உரித்துக்கொண்டு. அப்புறம் மிளகாய்த்தூள் டப்பாவைத் தொட்டாலே கண்ணில் நீர் வந்தது.

தோல் டாக்டர் பார்த்துவிட்டு, உரிந்த அடுக்கு மருந்து போட்டு ஒட்டாது, வளர்ந்துதான் மாற வேண்டும் என்றார். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். பச்சையாக நிறம் மாறினால் உடனே வரச் சொன்னார். தூக்கி நிற்கும் ஒட்டு நகத்துக்கும் நம் நகத்துக்கும் நடுவில் ஈரம் தேங்கினால் சூடோமோனாஸ் என்ற கிருமி வளர்ந்து அந்தப் பச்சை வருமாம். ஓரம் தூக்கியதும் மேலே இன்னொரு சொட்டுப் பசை விட்டு மூடுகிறார்களே, அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கிற வேலை.

நகம் பல நாள் நிற்பது பசையின் முரட்டுத்தனத்தால் என்று இந்தக் கடைக்காரர்கள் நம்மை நம்ப வைக்கிறார்கள். ஓசூரில் நெயில் ஆர்ட் வேலை செய்யும் என் தோழி இதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் சொல்லிக் கொடுத்தபடி வீட்டிலேயே செய்தால் பார்லரே தேவையில்லை.

நம் ஊர்க் கல்யாணத்தில் முதல் எதிரி எண்ணெய். மெஹந்தி சிவக்க வேண்டும் என்று நீலகிரித் தைலம் தடவுகிறோம், தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறோம், அதே கையோடு நகம் ஒட்ட உட்காருகிறோம். எனக்கும் முந்தின நாள்தான் மெஹந்தி. பார்லரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, துடைக்கவும் இல்லை. மெஹந்தி வேலையெல்லாம் முடித்துச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலோ (எண்ணெய்ப் பசையை எடுக்கும் ஸ்பிரிட்) அசிட்டோனோ (நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம்) தொட்டு ஒவ்வொரு நகத்தையும் துடைக்க வேண்டும். அந்தத் திரவம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பசை. குளித்த உடனேயும் ஒட்டக் கூடாது. நம் நகம் தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் அப்படிச் சுருங்காது, அதனால் பிடி விட்டுப்போகும்.

நகக்கண் ஓரத்துத் தோலை மரக்குச்சியால் மெல்லப் பின்னால் தள்ளிவிட வேண்டும், தோலின் மேல் ஏறி உட்கார்ந்த நகம் சீக்கிரம் தூக்கும். இரண்டு அளவுக்கு நடுவில் குழப்பம் வந்தால் பெரியதை எடுத்து ஓரத்தை ஃபைல் பண்ணிக்கொள்ளலாம், சிறியதை வைத்து அழுத்தக் கூடாது. பசையை நம் நகத்தில் மெல்லிய பூச்சாகவும் ஒட்டு நகத்தில் ஒரு சொட்டும் வைத்து, அடிப்பக்கத்திலிருந்து சாய்வாக இறக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதை இரவில் படுக்கப் போகும் முன் செய்வது நல்லது. பசை முழுசாக இறுகச் சில மணி நேரம் ஆகும், தூங்கும்போது கை தண்ணீரில் படாது. அதன் பிறகும் பாத்திரத்துக்குக் கையுறை போட்டுத்தான் ஆக வேண்டும். இவ்வளவும் செய்தால் ஒரு வாரம், நல்ல கைக்கு இரண்டு வாரம் வரை நிற்கும். ஒரே ஒரு மாலை வரவேற்பு என்றால் பசையே வேண்டாம் என்பேன். பெட்டியோடு வரும் ஜெல்லி ஸ்டிக்கர் (இரண்டு பக்கமும் ஒட்டும் ஸ்டிக்கர்) போதும், ராத்திரியே கழற்றிவிடலாம்.

கழற்றும்போது இழுக்காதீர்கள், யார் இழுக்க வந்தாலும் கையை நீட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு, சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு கால் மணி நேரம் ஊறவைத்து, பக்கவாட்டில் மரக்குச்சியால் நெம்பிப் பார்க்கலாம். வரவில்லை என்றால் மறுபடி ஊறவைக்க வேண்டியதுதான். அசிட்டோன் பசையைக் கரைக்கும், கூடவே அந்த பிளாஸ்டிக் நகத்தையும் கரைத்துவிடும், திரும்பப் பயன்படுத்த முடியாது. அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், அடுப்பங்கரைப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ‘ஃப்ரீ ஃபேஷியல்’ பண்ணிவிடுவதாகச் சொன்னார்கள். அதே கையில் இன்னொரு தடவை முகத்தைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் கொடுத்தேன், பில் இல்லாததால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியிருக்கிறேன். இது நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது. லேபிள் இல்லாத பாட்டில் விஷயம் தனி. 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி நான் முதலில் சொன்ன விவரங்கள் லேபிளில் இருந்தாக வேண்டும், இதைப் பார்ப்பது மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை. அவர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

இதே மாதிரி மொட்டை பாட்டில் உங்கள் கையில் இருந்தால், கோபத்தில் குப்பையில் வீசிவிடாதீர்கள். மூடியை இறுக்கிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நாலு பக்கமும் போட்டோ, காயம் இருந்தால் அதன் போட்டோ, பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் தேதியோடு சேர்த்து வைத்துவிட்டு அப்புறம் கடைக்குப் பேசப் போங்கள்.