பூனைக்காலி, காஃபின், நிகோடின், மஞ்சள்: நடுக்குவாதத்துக்கு எது உதவும்?

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு எந்த மூலிகை நல்லது என்று கேட்பவரிடம் முதலில் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: நோய் வராமல் தடுக்கவா, வந்தபின் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைக்கவா? இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் காபியும் பூனைக்காலியும் ஒரே பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

அறிகுறி குறைய வேண்டுமென்றால் என் கணக்கில் பூனைக்காலி ஒன்றுதான் மாத்திரையோடு போட்டிக்கு நிற்கும். அதன் விதையில் லெவோடோபாவே இருக்கிறது, அதாவது மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையில் உள்ள அதே பொருள், விதையின் எடையில் ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம். 2004-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 30 கிராம் விதைத் தூளையும் வழக்கமான மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தூள் சுமார் 35 நிமிடத்தில் வேலையைத் தொடங்கியது, மாத்திரைக்கு 69 நிமிடம் ஆனது, தூளின் பலன் 37 நிமிடம் கூடுதலாகவும் நின்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆய்வில் இருந்தது 8 பேர்.

மாத்திரையின் பலம் அதில் கூடவே இருக்கும் கார்பிடோபா. லெவோடோபா மூளைக்குள் போய்த்தான் டோபமைனாக, அதாவது அசைவுக்கு மூளைக்குத் தேவையான வேதிப்பொருளாக, மாற வேண்டும்; போகுமுன்பே அப்படி மாறி வீணாவதை கார்பிடோபா தடுக்கிறது, அதனால் குறைந்த அளவே போதும், குமட்டலும் குறையும். தூளில் அது கிடையாது. அப்புறம், விற்கப்படும் தூள்களில் லெவோடோபா எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மாத்திரையோடு இதையும் யாரிடமும் சொல்லாமல் சேர்த்துக்கொண்டால் மருந்தின் அளவைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதுதான் அது: கட்டுப்படாத அசைவுகள், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிவது, இல்லாத உருவங்கள் தெரிவது எல்லாம் வரலாம்.

சரி, காபி? காபி குடிப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாக வருவது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் நோய் வந்தவர்கள் 121 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான சோதனையில், தினம் இருவேளை 200 மில்லிகிராம் காஃபின் எடுத்தும் அசைவில் முன்னேற்றம் இல்லை. நிகோடினும் அதே கதைதான். புகைப்பவர்களிடம் நோய் குறைவு என்ற கவனிப்பை நம்பி ஓராண்டு தோலில் நிகோடின் பட்டை (patch) ஒட்டிப் பார்த்தும் நோயின் வேகம் தணியவில்லை. மஞ்சளின் குர்குமின் சோதனைக் குழாயில் அசத்துகிறது, உடலிலோ மிகக் குறைவாகத்தான் உறிஞ்சப்படுகிறது.

பூனைக்காலியை முயன்றே தீருவேன் என்பவர் அந்தப் பொட்டலத்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள், அதை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்புமாக உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.