கஷ்ஷாக்கா, உயிட்ஸா, மொஹோய்-நாட்ஜா? ஒரே சிற்றிதழிலிருந்து பிரிந்த மூன்று வழிகள்

கலை கட்சிக்கா, தொழிலுக்கா, தனக்கே தானா என்ற சண்டை எங்கே கிளம்பினாலும் எனக்கு 'மா' இதழ்தான் நினைவுக்கு வரும். ஹங்கேரிய மொழியில் மா என்றால் 'இன்று'. 1916-ல் புடாபெஸ்டில் கவிஞரும் ஓவியருமான கஷ்ஷாக் லயோஷ் தொடங்கியது (அவர்கள் குடும்பப் பெயரைத்தான் முன்னால் சொல்வார்கள்). அதற்கு முன்பு அவர் நடத்திய 'அ தெட்' இதழ், உலகப் போர் நடக்கும்போதே எதிரி நாட்டுப் படைப்பாளிகளுக்கு இடம் கொடுத்ததால் தடைசெய்யப்பட்டது. 'மா'வை 1919-ல் நிறுத்தியதோ குன் பேலாவின் கம்யூனிஸ்ட் புரட்சி அரசு. போரிடும் பேரரசுக்கும் பிடிக்கவில்லை, அதைக் கவிழ்க்க வந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. புரட்சி அரசு விழுந்தபின் வியன்னாவுக்குத் தப்பிப்போய், 1920-ல் அங்கிருந்து மறுபடி இதழைக் கொண்டுவந்தார்.

நான் ஒப்பிட விரும்புவது இதற்கு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளை. தோற்றுப்போன ஒரு புரட்சி, கையில் காசில்லாத அகதி வாழ்க்கை, அப்படியிருக்க ஓவியன் இனி என்ன செய்வது? இதே இதழைச் சுற்றியிருந்த மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

உயிட்ஸ் பேலாவை முதலில் முடித்துவிடுகிறேன். கஷ்ஷாக்கின் சகோதரியை மணந்தவர், 1919-ல் சிவப்புப் படைக்கு ஆள் சேர்க்கும் புகழ்பெற்ற சுவரொட்டியை வரைந்தவர். 1921-ல் மாஸ்கோ போய்த் திரும்பியதும் 'மா'விலிருந்து விலகி, 1922-ல் 'எக்யெஷேக்' என்ற இதழில் சேர்ந்து, கலை கட்சியின் பணிக்கு வர வேண்டும் என்றார். அவர் கை தேர்ந்த கை. இயந்திரம் உடைத்த நெசவாளர்களைப் பற்றிய 'ஜெனரல் லுட்' செதுக்கோவியங்களில் உடல்கள் முட்டி மோதும் வேகம் அபாரம். ஆனால் கோட்பாடாக எடுத்துக்கொண்டால் இது நிற்காது. எது புரட்சிகரமான வடிவம் என்று முடிவுசெய்யும் உரிமையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டால், அவர் நாளை மனம் மாறும்போது நீங்களும் மாறியாக வேண்டும். 1926-ல் உயிட்ஸ் மாஸ்கோவில் குடியேறினார். அவர் உற்சாகமாக அறிமுகப்படுத்திய கட்டமைப்புவாதத்தையே (கலையையும் ஒரு பொருளைப் போலக் கட்ட வேண்டும் என்ற ரஷ்யப் போக்கு) சில ஆண்டுகளில் அங்கே ஓரங்கட்டினார்கள்.

உண்மையான போட்டி மற்ற இருவருக்கும்தான்.

மொஹோய்-நாட்ஜ் லாஸ்லோ பெர்லினில் 'மா'வின் பிரதிநிதியாக இருந்தவர், 1923-ல் ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனவர். அவருடைய பதில் தொழில்நுட்பம். அதே 1923-ல் ஒரு தொழிற்சாலையில் பலகை செய்யச் சொல்லி எனாமல் பூசிய படங்களை வாங்கினார். ஒரே அமைப்பு, மூன்று அளவு, ஓவியரின் தூரிகை அதில் படவே இல்லை. அப்புறம் ஒளிப்படம், திரைப்படம், சுழலும் உலோகத்தில் ஒளியை ஆடவிடும் கருவி என்று போய்க்கொண்டே இருந்தார். 1937-ல் சிகாகோவில் புதிய பௌஹவுஸ். இன்று வடிவமைப்புப் பள்ளிகளில் சொல்லித்தருவதில் எவ்வளவோ அவர் வழியாக வந்ததுதான்.

கஷ்ஷாக்கின் பதிலுக்கு 'கேப்பார்கிடெக்தூரா' என்று பெயர், தமிழில் படக்கட்டுமானம் எனலாம். 1921-ல் வியன்னாவில் எழுதிய அறிக்கை. அதன் சாரம் எளிது. படம் எதையும் போல இருக்க வேண்டாம், கதை சொல்ல வேண்டாம், அது இருக்கிறது, அவ்வளவுதான். பழைய ஓவியம் தாளுக்கு உள்ளே ஆழத்தைக் காட்டி ஏமாற்றியது. இவர் தாளை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டு நம்மை நோக்கி வெளியே கட்டச் சொன்னார். அந்தக் காலத்து லினோ அச்சுகளை (லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட படங்கள்) பார்த்தால் புரியும். கறுப்புப் பட்டை ஒன்று, அதை மறைத்தபடி மேலே ஒரு சதுரம், ஓரத்தில் ஒரு வட்டம். நிழல் கிடையாது, சாய்கோடு போட்டு தூரம் காட்டுவதும் கிடையாது. ஆனாலும் சற்று நேரம் பார்த்தால் பட்டை பின்னால் நகர்ந்து சதுரம் நம் பக்கம் வருகிறது.

இதைப் படித்துவிட்டு "கலை கலைக்காக" கோஷ்டி என்று அவரைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அது பெரிய தவறு என்று நினைக்கிறேன். கஷ்ஷாக் பூட்டுப் பட்டறையில் தொழில் பழகியவர், 1909-ல் பாரிஸ் வரை நடந்தே போனவர். தொழிலாளிக்குப் புரியாது என்ற வாதத்தைத் தொழிலாளியிடமே வந்து சொன்னார்கள். குன் அவருடைய இதழை முதலாளித்துவச் சீரழிவு என்று சாடியபோது, 1919-ல் கலையின் பெயரால் அவருக்கே வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். கட்சியைவிடக் கலை உயர்ந்தது என்ற அகங்காரத்தில் இல்லை. புதிய மனிதனை உருவாக்கும் வேலையை ஓர் ஆணையால் செய்ய முடியாது என்று அவர் உறுதியாக நம்பினார். அரம் பிடித்த கைக்கு ஒரு பொருளை முழுசாகச் செய்து முடித்து வைப்பது என்றால் என்ன என்று தெரியும். அவருடைய படமும் அப்படி வைக்கப்பட்ட பொருள்தான்.

சரி, யார் பக்கம் நான்? கோட்பாடு என்றால் கஷ்ஷாக். மொஹோய்-நாட்ஜின் வழியில் ஒரு வழுக்கல் இருக்கிறது, கருவி மாறினால் மனிதனும் மாறிவிடுவான் என்ற நம்பிக்கை. கருவியை யார் வேண்டுமானாலும் வாங்கலாமே. ஆனால் ஓவியம் என்று மட்டும் பார்த்தால் மொஹோய்-நாட்ஜ் பல படி மேலே. அவருடைய படங்களில் ஒளி ஊடுருவும், கஷ்ஷாக்கின் கித்தான்கள் சில சமயம் அறிக்கைக்கு விளக்கப்படம் போல நின்றுவிடும். இருவரும் சேர்ந்து 1922-ல் வியன்னாவில் கொண்டுவந்த 'புதிய கலைஞர்களின் புத்தக'த்தில் இயந்திரங்களும் பாலங்களும் ஓவியங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே இரண்டு வழியும் இன்னும் பிரியவில்லை.

கஷ்ஷாக்கின் கோட்பாடு முழுசாகக் கைகூடியது கித்தானில் இல்லை, அச்சுப் பக்கத்தில். 'மா'வின் அட்டைகளைப் பாருங்கள், அல்லது தலைப்பே இல்லாமல் 1, 2, 3 என்று எண் மட்டும் இட்டு நூறு வரை எழுதிய கவிதைகளை. அதையும்விட 1922-ன் நீள்கவிதை. பாரிஸுக்கு நடந்துபோன அந்தப் பயணத்தில் தொடங்கி, குதிரை சாக, பறவைகள் வெளியேற, கடைசியில் தன் முழுப்பெயரைச் சொல்லிவிட்டு, தலைக்கு மேலே ஒரு நிக்கல் சமோவார் பறந்துபோவதாக முடிக்கிறார். அந்தத் தேநீர்ப் பாத்திரம் எதற்குக் குறியீடு என்று நெடுநாள் தேடியிருக்கிறேன். இப்போது தேடுவதில்லை, அது பளபளவென்று போவதைப் பார்க்கிறேன்.