ரெஸ்பாண்டா, விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவா?

இஸ்ரோவோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய விரும்பும் பேராசிரியருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. சென்னை, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐஐடிகளிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இயங்கும் விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவுகள் ஒன்று. அங்கே தொடர்ச்சிதான் பலம். நிறுவனமும் இஸ்ரோவும் கூட்டுக் குழுவில் அமர்ந்து திட்டங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் அந்த வளாகத்தில் வேலை பார்க்காதவருக்கு அதனால் பெரிய பயனில்லை.

இன்னொன்று, கல்வி நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு இஸ்ரோ நிதியுதவி தரும் ரெஸ்பாண்ட் திட்டம். அது 1970களில் தொடங்கியது. மாவட்டத் தலைநகரிலுள்ள கல்லூரியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்பதே எனக்கு அதில் மிகவும் பிடித்தது. இஸ்ரோ மையங்கள் தங்களுக்குத் தீர்வு தேவைப்படும் சிக்கல்களைப் பட்டியலிட்டு வெளியிடுகின்றன. அதை வரிவரியாகப் படியுங்கள். உங்கள் ஆய்வகத்தில் உண்மையிலேயே செய்யக்கூடிய ஒன்றை மட்டும் எடுங்கள். உபகரணம், ஆய்வு மாணவர் உதவித்தொகை, பயணம் ஆகியவற்றுக்கான செலவைத் தனித்தனியே கணக்கிடுங்கள். முழு முன்மொழிவை எழுதுவதற்கு முன்பே அந்த மையத்தின் விஞ்ஞானி ஒருவரிடம் பேசிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பிரிவு உள்ள வளாகத்தில் இருப்பவர் அதையே முதலில் அணுகலாம். மற்ற எல்லோருக்கும் என் பரிந்துரை ரெஸ்பாண்ட்தான்.