லினன் ஒட்டிய போஸ்டரா, மடிப்போடு கிடக்கும் போஸ்டரா?

1931-இல் வந்த ‘டிராகுலா’ சினிமாவின் போஸ்டர் ஒன்று 2017-இல் ஹெரிடேஜ் என்ற ஏல நிறுவனத்தில் 5,25,800 டாலருக்குப் போனது. இவ்வளவு விலை போகும் காகிதம் என்றால், ஏலப் பட்டியலில் அதைப் பற்றி வரும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

அந்தக் கால அமெரிக்க சினிமா போஸ்டர்கள் பெரும்பாலும் 27-க்கு 41 அங்குலம். மடித்துத்தான் தியேட்டருக்கு அனுப்புவார்கள். பழுது பார்க்காத பிரதியில் குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக ஒன்று, மூலையில் ஊசித் துளை, ஓரக் கிழிசல் எல்லாம் பட்டியலில் உள்ள படத்திலேயே தெரியும். பின்பக்கத்தையும் பார்க்கலாம், தியேட்டர்காரர் பென்சிலால் கிறுக்கியது, ரப்பர் ஸ்டாம்ப், காகிதம் பழுத்த நிறம். பழமைக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

‘லினன் மேல்’, அதாவது துணியில் ஒட்டியது, என்று போட்டிருந்தால் கதை வேறு. போஸ்டரின் பின்னால் ஜப்பானியக் காகிதமும் கேன்வாஸ் துணியும் வைத்து, மாவுப் பசையால் ஒட்டி, மடிப்புக் கோடுகளில் வண்ணம் தீட்டியிருப்பார்கள். படத்தில் புத்தம் புதிதாக மின்னும். ஆனால் எவ்வளவு அச்சு, எவ்வளவு தூரிகை என்பதை அந்த இரண்டு சொல் சொல்லாது. பின்பக்கமும் மூடிப்போகும்.

நொறுங்கும் நிலையில் உள்ள காகிதத்துக்கு லினன்தான் உயிர், சரி. அப்போதும் ஒட்டுவதற்கு முன் எடுத்த படத்தைக் கேளுங்கள். தரவில்லையா? நான் மடிப்போடு இருப்பதையே வாங்குவேன்.